குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒரு கிரேக்க வார்த்தை

போன மாதம் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் நான் கிரேக்க மொழி பேசினேன்.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தேன். பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளில் பொன்னேரிக்கு மீன் கொண்டுபோய் விற்றேன். இன்றைக்கு இந்தக் கரையில் யார் மீனுக்கு ஐஸ் போட்டாலும் அது என் ஃபாக்டரி ஐஸ். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானேதான் எழுந்தேன்.

தற்பெருமையா? இருக்கட்டுமே. என் பெருமையை நான் பேசாமல் எதிர்வீட்டுக்காரனா வந்து பேசுவான்?

படிக்காதவனுக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அது யார் பெற்ற பிள்ளை, எந்த ஊரில் வளர்ந்தது, எந்த வழியாக நம் தெருவுக்கு வந்தது என்று விசாரிக்காமல் சாப்பாடு இறங்காது. படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அர்த்தம் தெரிந்ததும் போய்விடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். எனக்குத்தான் பரீட்சையே கிடையாதே... அதனால் நான் விடுவதில்லை.

அன்று அமாவாசை. எண்ணூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று. கடலுக்கும் போகாதே, ஏரிக்கும் போகாதே என்று மைக் கட்டிய ஆட்டோ கத்திவிட்டுப் போனது. தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரும் சர்ச் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. என் வீடு மாடி வீடு. இருந்தும் போனேன். ஊரே ஒரு இடத்தில் இருக்கும்போது நான் மட்டும் மாடியில் உட்கார்ந்து யாரிடம் பேசுவது?

அங்கே டி.வி. வைத்திருந்தார்கள். செய்தி வாசிக்கிற பெண் மூச்சுக்கு மூச்சு ‘சைக்ளோன்... சைக்ளோன்...’ என்றது. எனக்குள் இருந்த வியாதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் இல்லை. இது என்ன சைக்ளோன்? இரண்டுக்கும் ஏதாவது உறவா?

பக்கத்தில் ஃபாதர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊர் சர்ச்சின் சாமியார். தெற்கத்திக்காரர், சின்ன வயசு. நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான்... ஆனால் வார்த்தை விஷயத்தில் எனக்கு மதம் கிடையாது. அவர் சாமியாராகப் படித்த காலத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். விடுவேனா?

“ஃபாதர், சைக்ளோன் சைக்ளோன்னுதே அந்தப் பொண்ணு... அது இன்னா ஃபாதர், சைக்கிளுக்குத் தம்பியா?”

அவர் சிரிக்கவில்லை. “சரியாப் பிடிச்சிட்டீங்க ஐயா. ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான்” என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! சாக்பீஸை எடுத்து கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிரேக்கத்தில் ‘குக்ளோஸ்’ என்று ஒரு வார்த்தை. வட்டம் என்று அர்த்தம், சக்கரம் என்றும் அர்த்தம். அது லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போய் ‘சைக்கிள்’ ஆயிற்று. வடமொழியில் ‘சக்ர’ இருக்கிறதே, அது இந்த குக்ளோஸுக்குக் கூடப்பிறந்தது. அங்கிருந்து நம்மிடம் சக்கரமாக வந்தது. இங்கிலீஷ்காரனின் ‘வீல்’ கூட அதே வயிற்றில் பிறந்த பிள்ளைதானாம். நூல் நூற்கிற சர்க்கா பாரசீகம் பக்கம் போய் வளர்ந்த பிள்ளை. தாய் யார் என்று கேட்டேன். எழுத்து என்பதே இல்லாத காலத்தில் பேசிய பாஷை, அதற்கு இப்போது பெயர்கூட இல்லை என்றார். பெயர் இல்லாத தாய்க்கு எத்தனை பிள்ளைகள்!

அப்படியானால் என் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வார்த்தையின் மேல் உட்கார்ந்துதான் பெடல் போட்டிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

“சரி ஃபாதர், காத்துக்கு ஏன் சக்கரம்னு பேரு?”

இங்கேதான் விஷயம். அந்தப் பெயர் கிரேக்கத்தில் பிறக்கவில்லை. லண்டனிலும் பிறக்கவில்லை. கல்கத்தாவில் பிறந்தது! நம் வங்காள விரிகுடாவில் கப்பல்களைக் கவிழ்த்த புயல்களின் கதையை எல்லாம் ஒரு வெள்ளைக்காரர் தேடித் தேடிச் சேர்த்தாராம். ஒரு காலத்தில் கப்பல் கேப்டனாக இருந்தவர். எந்தக் கப்பலுக்கு எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால்... காற்று நேராக ஓடவில்லை. சுற்றுகிறது. பாம்பு சுருண்டு படுத்திருக்கிற மாதிரி. அந்தச் சுருளுக்கும் கிரேக்கத்தில் அதே வார்த்தைதான். அதிலிருந்து ‘சைக்ளோன்’ என்று புதிதாக ஒரு பெயர் செய்தார். மாட்டுக் கொம்பைச் சீவிக் கண்ணாடி மாதிரி தகடாக்கி, அதில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு, கேப்டன்களுக்கென்று ஒரு புத்தகமும் எழுதினாராம். தகட்டை மேப்பின் மேல் வைத்துப் பார்த்தால், புயலின் எந்தப் பக்கத்தில் நம் கப்பல் இருக்கிறது, எந்தப் பக்கம் தப்பிக்கலாம் என்று தெரியும்.

‘சூறாவளி என்று நம்மிடம் இல்லையா ஐயா’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. சூறை என்றாலே சுழல்காற்றுதான். நம் ஆட்களும் சும்மா பெயர் வைக்கவில்லை.

ஃபாதர் கடைசியாக வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். “இது கண். பெரிய புயலா இருந்தா இந்த இடத்துல காத்தே இருக்காது. வெயில்கூட அடிக்கும். ஆனா அது முடிஞ்சதும் மறுபாதி வரும். முதல்ல வடக்கேருந்து அடிச்ச காத்து இப்போ தெற்கேருந்து அடிக்கும்.”

நான் தலையாட்டினேன். அந்தப் புள்ளியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டி.வி.யையும் பார்க்காமல் போர்டையும் பார்க்காமல் மூலையில் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழுமலை. அவன் மனைவி செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்து அவனைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

அவன் துக்கம் புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் எறா, அதாவது இறால், ஓடுகிற நல்ல இடம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய்க் கழி நட்டு வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்குச் சேர்ந்து தொழில் செய்கிற ஒரு கூட்டு, நாளைக்கு இன்னொரு கூட்டு. வரிசை சுற்றி வரும். யாருக்குப் பின்னால் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். இதற்குப் பெயர் பாடு. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது... யார் நாளில் யார் கழி நடலாம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பெரிய பெரிய ஆபீஸில் லிஃப்ட்டுக்கு நிற்கிறவர்கள் எங்களிடம் வந்து பாடம் படிக்கலாம்.

நாளில் நல்ல நாள் அமாவாசையும் பௌர்ணமியும். தண்ணீர் இழுக்கிற இழுப்பில் எறா கூட்டமாகக் கடலுக்குக் கிளம்பும். அமாவாசைப் பாடு கிடைப்பது லாட்டரி மாதிரி. அந்த முறை அது ஏழுமலையின் கூட்டுக்கு விழுந்திருந்தது. அன்றைக்குத்தானா கூண்டு ஏற வேண்டும்?

பாடு முறையில் இன்னொரு விதி உண்டு. உன் நாளில் நீ வலை கட்டாவிட்டால் உன் நாள் போயிற்று. அடுத்த கூட்டுக்குப் போய்விடும். ஏன் கட்டவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

புயல் என்ன செய்தது? கடைசி நேரத்தில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெல்லூர் பக்கம் திரும்பிவிட்டது. காலையில் சுள்ளென்று வெயில். கூண்டை இறக்கிவிட்டார்கள். ஏரியில் இழுப்பு இன்னும் குறையவில்லை. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது.

ஏழுமலைதான் முதலில் எழுந்தான்.

“தலைவரே, நேத்து என் பாடு. கூண்டு ஏத்துனாங்க, போவல. அத்த இன்னிக்கு எனக்கு உடணும்.”

உடனே எதிரில் இருந்து ஒருவன் எழுந்தான். கோட்டி. அன்றைய பாடு அவன் கூட்டுக்கு. அது மட்டும் இல்லை... அவன் என் கூடப்பிறந்த தம்பி.

“நேத்து பாடு நேத்தோட போச்சு. இன்னிக்கு என் பாடு. இதுல பேச இன்னா கீது?”

“கூண்டு ஏத்துனா எப்டிண்ணா போறது?”

“நானாடா ஏத்துனேன்? எண்ணூர்ல ஏத்துனாங்க. அங்க போயி கேளு, எறா குடுப்பாங்க.”

கூட்டம் சிரித்தது. தலைவர் தலையைச் சொறிந்தார். “இன்னா ஏழுமல... பெரியவங்க வெச்ச முற. அத்த மாத்தறதுக்கு நா யாரு, சொல்லு?”

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டான்.

“சரி. முற அதான்னா அதான். எல்லாரும் கேட்டுக்கங்க. அடுத்த தபா என் பாடு வர்ற அன்னிக்கு கூண்டு இல்ல, கோபுரமே ஏத்துனாலும் நா போவேன். எவனும் குறுக்க வரக் கூடாது.”

அதற்கும் சிரித்தார்கள். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்தேன். நான் எழுந்தால் கூட்டம் அடங்கும். அடங்கியது.

“தம்பிங்களா, சைக்ளோன் சைக்ளோன்னு சொல்றமே, அது எங்கேருந்து வந்த வார்த்த தெரியுமா?”

“எண்ணா, நீ யாரு பக்கம்? அத்த மொதல்ல சொல்லு” என்றான் கோட்டி.

“நா கிரேக்கத்துப் பக்கம்.”

“ஐய... ஆரமிச்சிட்டாருடா!”

விட்டுவிடுவேனா? குக்ளோஸைச் சொன்னேன். சக்கரத்தைச் சொன்னேன். கல்கத்தா கேப்டனைச் சொன்னேன். சுருண்ட பாம்பைச் சொன்னேன். காற்றும் சக்கரம், நம் பாடும் சக்கரம், பெரிய சக்கரம் ரோட்டில் வரும்போது சின்னச் சக்கரம் ஓரமாக நின்றுவிட்டு, அது போனதும் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்... அதுதான் நியாயம் என்று முடித்தேன். இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் எழுதியதைவிட அன்றைக்கு நன்றாகப் பேசினேன் என்றே சொல்வேன்.

கோட்டி நிதானமாகக் கேட்டான். “முடிச்சிட்டியாண்ணா?”

“முடிச்சிட்டேன்.”

“சக்கரம்னா இன்னா வேல அதுக்கு? சுத்தறது. நீ சைக்கிள் ஓட்டுனவன்தானே? சுத்தாம நின்னா அதுக்கு பேரு சக்கரமா? பஞ்சர்!”

கோயில் மணியே ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஏழுமலைகூடச் சிரித்துவிட்டான். என் குக்ளோஸை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டான். என் தம்பி அல்லவா... மூளை இருக்கும்.

ஒரு வார்த்தையின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதை என் பக்கம் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். வார்த்தை யார் கூப்பிட்டாலும் போகும். அதற்கு என்ன, அதுவா ஓட்டுப் போடுகிறது?

அப்போதுதான் பின்னாலிருந்து குரல்.

“மாமா, ஒண்ணு கேக்கலாமா?”

செல்வி. எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் வருவார்கள், உட்காருவார்கள், பேசுவது குறைவு. தலைவர் என்னைப் பார்த்தார். நான் “கேளும்மா” என்றேன்.

“நேத்து ஃபாதர் போர்டுல வட்டம் போட்டாரே... நடுவுல ஒரு புள்ளி வெச்சாரே, அது இன்னா மாமா?”

“அது கண்ணும்மா. அந்த எடத்துல காத்து இருக்காது.”

“வெயில் அடிக்கும்னாரு.”

“ஆமா.”

“அப்பால தெக்கேருந்து வரும்னாரு.”

“ஆமாம்மா.”

அவள் எழுந்து நின்றாள்.

“எங்க மச்சாண்டாரு அங்கதான் செத்தாரு.”

மச்சாண்டார் என்று அவள் சொன்னது ஏழுமலையின் அண்ணன் குமாரை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயலில் முகத்துவாரத்தில் போனவன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தெரிந்த கதை என்பதால்தான் யாரும் அதைத் திரும்ப யோசித்ததில்லை.

“அன்னிக்கு அவரு பாடு. காலையிலேருந்து வாடக்காத்து அடிச்சிது. கூரையெல்லாம் பிச்சிக்கினு போச்சு. மத்தியானம் பட்டுனு நின்னுச்சு. மானம் வெளுத்துப்போச்சு. ‘காத்து செத்துச்சு, பொழுது சாயறதுக்குள்ள கழிய நட்டுடலன்னா பாடு போயிடும்’னாரு. நாந்தான் சோத்த கட்டிக் குடுத்தேன். அவரு போயி கழி நடறதுக்குள்ள தெக்கேருந்து...”

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“காத்து திரும்பி வந்துச்சு, அது அவரு தலையெழுத்துன்னு இத்தினி நாளா சொல்லிக்கினு கீறோம். அது திரும்பி வர்ல மாமா. அது போவவே இல்ல. பாதிதான் தாண்டியிருக்குது. அந்தப் பாதிக்குள்ள அவர அனுப்பிச்சது காத்து இல்ல, பாடு. இப்ப இவரும் போவேன்றாரு. சிரிக்கிறீங்க.”

உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். முந்தின நாள் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எனக்குக் குமார் ஞாபகமே வரவில்லை. எனக்குக் கிரேக்கம் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு அந்தப் புள்ளி தெரிந்திருக்கிறது.

நான் மண்ணில் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் ஒரு பெரிய வட்டம் இழுத்தேன். ஒரு கிளிஞ்சலை எடுத்து ஓரத்தில் வைத்தேன். இதுதான் நம் முகத்துவாரம், இப்போது இங்கே வாடை அடிக்கிறது என்றேன். கிளிஞ்சலை நடுவுக்கு நகர்த்தினேன். இப்போது வெயில். மறுபக்கம் நகர்த்தினேன். இப்போது தெற்கே இருந்து அடி. கிரேக்கம் பேசவில்லை. வாயே திறக்காமல்கூடச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் காற்றில் பிழைக்கிறவர்கள். ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு இரண்டே வார்த்தை சொன்னேன். “பெரியவங்க வெச்ச முற சரியானதுதான். அவங்க காலத்துல கூண்டு இல்ல. காத்தப் பார்த்து போறதும் போவாததும் அவனவன் தைரியம். போவாதவன் நாளு போச்சுன்னா அதுல நாயம் இருந்துச்சு. இப்ப கூண்டு ஏறுனா ஊருக்கே தட. தட போட்டது ஊருக்கு, நஷ்டம் ஒருத்தனுக்குன்னா... அவன் போவாம இன்னா செய்வான்?”

எல்லோரும் கோட்டியைப் பார்த்தார்கள். அவன் மண்ணில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குமாரைத் தேடிப் போன படகில் அவனும் இருந்தான். அதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. தேவைப்படவில்லை.

“சரி” என்றான் கடைசியில். “இன்னிக்கு ஏழுமல கட்டட்டும். ஆனா தலைவரே, நா ஒண்ணு சொல்றேன், அத்தயும் சேர்த்து வெச்சிக்கங்க. கூண்டு ஏறுச்சுன்னா எறங்கற வரிக்கும் எவனும் போவக் கூடாது. வெயில் அடிச்சாலும் போவக் கூடாது. பொண்டாட்டி புள்ள பட்னின்னு சொன்னாலும் போவக் கூடாது. மீறிப் போனான்னா அந்த வருசம் பூரா அவனுக்கு பாடு கெடையாது. ஒத்துக்கிறீங்களா?”

“நீ ஒத்துப்பியா?” என்றது ஒரு குரல்.

“நாந்தானடா சொல்றேன், வெண்ண!”

தலைவர் எழுந்து அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்லிவிட்டார். கூண்டு ஏறினால் பாடு நிற்கும். கூண்டு இறங்கினால் நின்ற ஆளிடமிருந்து தொடங்கும். இடையில் எவனும் ஏரியில் காலை வைக்கக் கூடாது.

அன்றைக்கு ஏழுமலைக்கு நல்ல எறா. மறுநாள் கோட்டி வலை கட்டினான். இழுப்பு குறைந்துவிட்டது. பாதிக் கூடைகூட நிறையவில்லை. அவன் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனான். தெருவில் பார்த்தால் “இன்னா கிரேக்கம், சோக்கா கீறியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவான். என் வீட்டுக்காரி வேறு. “ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நாயம் சொல்லுவே, கூடப்பொறந்தவன் எறாவ தூக்கிக் குடுத்துட்டு வருவே!” இரண்டு நாள் எனக்கு மீன் குழம்பில் மீன் தென்படவில்லை.

இந்த ஒரு மாதமாக எனக்கு ஒரே யோசனை. அந்தக் கல்கத்தாக்காரர் ‘சைக்ளோன்’ என்ற வார்த்தையை யாருக்காகச் செய்தார்? புரொஃபசருக்கா? இல்லை. தண்ணீரில் போகிறவனுக்காக. இது வட்டம், பாதி போனதும் போய்விட்டது என்று நினைத்து ஏமாந்துவிடாதே என்று சொல்வதற்காக. ஆனால் அந்த வார்த்தை என்ன ஆயிற்று? புத்தகத்துக்குள் போயிற்று, பரீட்சை ஹாலுக்குள் போயிற்று, டி.வி.க்குள் போயிற்று. கோடிட்ட இடத்தை நிரப்புக... ஐந்து மார்க்! எங்கள் ஏரிக்குப் பக்கத்துக் கடலைப் பார்த்துச் செய்த வார்த்தை, உலகம் எல்லாம் சுற்றிவிட்டு, எங்கள் கரைக்கு வந்தபோது குமார் இல்லை.

விஞ்ஞான வார்த்தை என்றால் பயப்படுகிறோம். நம்மைவிடப் பெரியவர்கள் பேசுகிற பாஷை என்று ஒதுங்கி நிற்கிறோம். கிட்டே போய், நீ யார், எங்கிருந்து வருகிறாய், யாருக்காகப் பிறந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஏதோ ஒரு வேலைக்காரனுக்காகத்தான் பிறந்திருக்கும். வழியில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பஞ்சாயத்தில் ஜெயித்தது யார் என்று ஃபாதர் கேட்டார். செல்விதான், அதில் சந்தேகமே இல்லை என்றேன். ஆனால் போர்டில் அந்த வட்டத்தைப் போட வைத்தது யார்? ‘சைக்கிளுக்குத் தம்பியா’ என்று கேட்டது யார்? கொஞ்சம் என் கணக்கிலும் எழுதிக்கொள்ளுங்கள் ஃபாதர் என்றேன். எழுதிக்கொண்டதாகத்தான் தலையாட்டினார்.

போன வாரம் மறுபடியும் கூண்டு ஏறியது. அன்றைய பாடு யாருடையது என்று கேளுங்கள். கோட்டியுடையது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகை இழுத்துக் கரையில் கட்டினான். கூட்டுக்காரர்களில் ஒருவன், “லைட்டாத்தான் காத்து அடிக்குது, சும்மா ஒரு எட்டு போயி...” என்று ஆரம்பித்தான். கோட்டி அவனைப் பார்த்த பார்வையில் அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான்.

புயல் வந்ததா? வரவில்லை. இந்த முறையும் வடக்கே போய்விட்டது. காற்றுகூடப் பெரிதாக இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. இதுதான் இந்த விதியில் இருக்கிற பெரிய சிக்கல். யார் செத்தான் என்பதைக் காட்டலாம். யார் சாகவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? ‘இந்தா பார், இவன்தான் அன்றைக்குப் போயிருந்தால் போயிருப்பான்’ என்று யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது?

கோட்டி படகின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பளிச்சென்று அடிக்கிற வெயிலைத் திட்டினான். வானிலை ஆபீஸைத் திட்டினான். எண்ணூரைத் திட்டினான். பிறகு என் வீட்டுப் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, என்னையும் என் கிரேக்கத்தையும் அதைப் பெற்ற பெயர் இல்லாத தாயையும் சேர்த்துச் சாயங்காலம் வரை திட்டினான்.

திட்டட்டும். கரையில் உட்கார்ந்துதானே திட்டுகிறான்!